குமுதவல்லி உட்கார்ந்த குறுவை

கொருக்கமங்கலத்தில் ஐப்பசி பிறக்கும் முன்பே மழை பிடித்துக்கொண்டு, அறுத்த நெல்லெல்லாம் களத்திலும் தார்ச்சாலையிலும் நனைந்து கிடந்த வருஷம் ஒன்று உண்டு. அந்த வருஷத்தைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் மழையில் ஆரம்பிக்க மாட்டார்கள், நெல்லில் ஆரம்பிக்க மாட்டார்கள், கலியபெருமாள் மகள் குமுதவல்லியின் முகப்பருவில்தான் ஆரம்பிப்பார்கள். நாமும் அங்கிருந்தே போகலாம்.

பதினைந்தாம் வயதில் அவள் நெற்றியில் இரண்டே இரண்டாக வந்த பரு, இருபத்துநாலு வயதுக்குள் கன்னம், தாடை, கழுத்து என்று இறங்கி முதுகுவரை குடியேறிவிட்டது. தொட்டால் விண்ணென்று தெறிக்கிற, உள்ளுக்குள் கல் வைத்துத் தைத்ததுபோன்ற பரு. உடைந்தால் குழியை விட்டுப் போகிற பரு. கஸ்தூரி மஞ்சள், சந்தனம், கற்றாழை, பூண்டுச் சாறு எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்கிற முன்பின் தெரியாத பெண்கள்கூட, எண்ணெய்ப் பலகாரத்தை விட்டுவிடும்மா என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டாரும் காபியை முழுக்கக் குடித்துவிட்டுப் போய், ஜாதகம் சரியில்லை என்று சொல்லியனுப்பினார்கள். டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அவளுக்கு வேலை. விண்ணப்பத்துக்குப் போட்டோ எடுக்க வருகிறவர்களின் முகத்திலிருக்கும் பருவையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் தொட்டு அழித்துக் கொடுப்பாள். அப்படி அழித்துக்கொண்டிருந்த ஒரு நாள்தான், எதிர்த்த மாடியில் தோல் டாக்டரின் பலகையைப் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் படியேறினாள்.

அந்த டாக்டரம்மா அவசரப்படாதவர். விளக்கை இழுத்து வைத்து முகத்தைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், அப்புறம் ஐந்து மாதத்துக்கு ஒரு மாத்திரை எழுதினார். மீன் எண்ணெய் மாத்திரைபோல வழவழவென்று ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், நெய்யோ பாலோ சேர்ந்த சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று போட வேண்டும். பரு போய்விடும், ஆனால் உடம்பு காயும் என்று ஒளிக்காமல் சொன்னார். உதடு வெடிக்கும், கண் எரியும், மூக்கில் ரத்தம் வரலாம், மூட்டு வலிக்கலாம், வெயிலில் நிற்காதே, மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்கு வா, இதைச் சாப்பிடுகிறவரைக்கும், நிறுத்தி ஒரு மாதம் ஆகிறவரைக்கும், பிள்ளை உண்டாகவே கூடாது, மனது தாங்க முடியாமல் கனத்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வா. எல்லாவற்றுக்கும் குமுதவல்லி தலையாட்டினாள். பரு போய்விடும் என்கிற வார்த்தைக்குப் பிறகு சொன்னதெல்லாம் அவளுக்கு வெகு தூரத்தில் யாரோ பேசுவதுபோல இருந்தது.

ஆடியில் ஆரம்பித்தாள். நெய் சாதத்துக்குப் பிறகு போடுகிற மாத்திரை அம்மா கண்ணில் பட்டு, ஒரு வாரத்தில் தெருவுக்கே தெரிந்தது. டாக்டரம்மா சொன்னதெல்லாம் சொன்ன வரிசையிலேயே வந்தது. முதல் வாரம் உதடு. சிரித்தால் நடுவில் பிளந்து ரத்தம் பூக்கும், ரசம் சாதம் சாப்பிட்டால் நெருப்பை வைத்ததுபோல இருக்கும். இரண்டாவது மாதம் கண். இமைக்கும்போதெல்லாம் உள்ளே மணல் உரசும். பையில் எப்போதும் ஒரு வாசலின் டப்பா, ஒரு சொட்டு மருந்து, மூக்கைத் துடைக்க ஒரு கைக்குட்டை. இதெல்லாம் அந்த மாத்திரை எல்லோருக்கும் செய்வது. மூன்றாவது மாதத்தில் அது குமுதவல்லிக்கு மட்டும் இன்னொன்றும் செய்தது. அவள் உடம்பின் வறட்சி உடம்போடு நிற்காமல் வெளியே நடக்கத் தொடங்கியது.

குளித்துவிட்டுத் தலையில் சுற்றிய ஈரத் துண்டு, வாசலுக்கு வருவதற்குள் அப்பளம்போல விறைத்துக்கொண்டது. மழைநாளில் பஸ்ஸுக்குள் அவள் ஏறினால் கண்ணாடிகளில் படிந்திருந்த ஆவிமூட்டம் தானாக விலகியது. கம்ப்யூட்டர் சென்டரில் ஈரக்காற்றுக்கு நமுத்துப்போய் மெஷினில் சிக்கிக்கொண்டிருந்த தாளெல்லாம் அவள் பக்கத்தில் வைத்ததும் மொடமொடவென்று ஓடியது. முதலாளி அவள் மேஜையைத் தாள் அடுக்குக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டார், அவ்வளவுதான். அம்மா வசந்தா, துவைத்த புடவைகளை அவள் அறையில் குறுக்கே கயிறு கட்டிப் போட ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுக்காரி இரண்டு ஜமுக்காளம் கொண்டுவந்தாள். யாரும் இதை ஒரு அதிசயமாகப் பேசவில்லை. மழைக்காலத்தில் துணி காய ஓர் இடம் கிடைப்பது நல்ல விஷயம், அவ்வளவே.

அந்த நேரத்தில்தான் குறுவை அறுவடை ஆனது, அறுத்த அன்றே மழை ஊன்றியது. கொள்முதல் நிலையத்தில் ஈரம் பார்க்கிற ஒரு மீட்டர் உண்டு. உள்ளங்கை நெல்லைப் போட்டு மூடினால் எண் காட்டும். பதினேழுக்கு மேலே போனால் எடுக்க மாட்டார்கள். ஊரில் எல்லார் நெல்லும் இருபத்திரண்டு, இருபத்துநாலு என்று நின்றது. கலியபெருமாள் தன் நெல்லில் மூன்று மூட்டையை மட்டும் நனையாமல் காப்பாற்றலாமென்று வீட்டுக்குள் தூக்கிவந்து மகள் அறையில் சாத்தி வைத்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. மூட்டு வலியோடு அவள் மத்தியானம் முழுக்க மூட்டைக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்திருந்தாள். மறுநாள் அந்த மூன்று மூட்டையைக் கொண்டுபோனபோது மீட்டர் பதினாலு காட்டியது. மீட்டர்காரர் மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு, எங்கே காயவைத்தீர்கள் என்று கேட்டார். கலியபெருமாள் பொய் சொல்லத் தெரியாத மனிதர். எம்பொண்ணு ரூமில் வைத்திருந்தேன் என்றார்.

வரிசையில் நின்ற அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள்.

சாயங்காலம் ஊராட்சித் தலைவர் வைரக்கண்ணு, பழத்தட்டோடு, பொண்டாட்டியையும் அழைத்துக்கொண்டு, பத்துப் பேர் பின்னால் வர, பெண் கேட்க வருவதுபோல வீட்டுக்கு வந்தார். குரலை உயர்த்தவே தெரியாதவர். வேறொன்றும் வேண்டாம், பாப்பா ஒவ்வொரு குவியல் பக்கத்திலும் கொஞ்சநேரம் உட்கார்ந்தால் போதும், ஊரே பிழைத்துக்கொள்ளும் என்றார். வந்தவர்களில் பாதிப் பேர் அவளைத் தூக்கி வளர்த்தவர்கள். குமுதவல்லி அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். ஒரு வாரம்தானே என்று நினைத்து அவள் சரி என்றாள்.

அந்தச் சரியைச் சொன்னதிலிருந்து ஊர் அந்த வேலையை எவ்வளவு சீராக எடுத்துச் செய்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துச் சாலையில் கம்பு நட்டு, தார்ப்பாய் இழுத்து, நாலு பக்கமும் சாக்கு கட்டி ஒரு கொட்டகை போட்டார்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதற்கு ஒரு தலையணை. நாற்காலியைச் சுற்றி வட்டமாக நெல்லைக் கொட்டுவார்கள். காலை ஏழு மணிக்கு அவள் உட்கார்ந்தால் சாயங்காலம் ஆறு மணிக்கு எழுந்திருப்பாள். ஒரு குடும்பத்து நெல்லுக்கு இரண்டு நாள், பெரிய குவியலுக்கு மூன்று நாள். யாருக்குப் பிறகு யார் என்று தலைவர் ஒரு நோட்டில் எழுதினார். கலியபெருமாள் தன் பேரைக் கடைசியில் எழுதச் சொன்னார். சொந்த மகள் உட்கார்கிற இடத்தில் முதலில் போய் நிற்பது மரியாதையில்லை என்று அவருக்கு. கிட்டே வருகிறவர்கள் ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள், வாய் திறந்து நிற்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்கள். கற்பூரம் காட்டலாமா என்று ஒருத்தி கேட்டதற்கு மாரியம்மன் கோயில் பூசாரி யோசித்துவிட்டு, வேண்டாம், சாமியென்றால் டாக்டர் சீட்டு எதற்கு என்றார். அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. அதனால் அவளை யாரும் கும்பிடவில்லை. ‘குமுது உட்கார்றது’ என்று அந்த வேலைக்கு ஒரு பேர் மட்டும் வந்தது. அறுப்பு, அடிப்பு, தூற்றல் என்கிற வரிசையில் அதையும் சேர்த்துச் சொன்னார்கள்.

அன்புக்குக் குறைவில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் நெய் வந்தது, இளநீர் வந்தது, வெடித்த உதட்டுக்குத் தடவ வெண்ணெய் வந்தது. ஆனால் யாரும் அவளை வா என்று கூப்பிட்டதில்லை. கிட்ட வா, இன்னும் கொஞ்சம் கிட்ட வா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒருநாள் மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் குவியலில் சொட்டியது. வைரக்கண்ணு பதறி ஓடிவந்தார். அந்த இடத்து நெல்லை மட்டும் ஒரு கை அள்ளி, வெளியே கொண்டுபோய் உதறிவிட்டு, பாப்பாவுக்கு ஒரு துணி கொடுங்கப்பா என்றார்.

ஒரு வாரம் என்பது மூன்று வாரமாயிற்று. கம்ப்யூட்டர் சென்டர் முதலாளியிடம் தலைவரே போய்ப் பேசி, அவளுக்கு லீவு வாங்கிக் கொடுத்தார். அவள் கேட்காத லீவு. டவுன் பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குக் கண் எரிகிறது என்று கண்டக்டர் வருத்தத்தோடு சொன்னார், அதனால் பஸ்ஸும் இல்லையென்று ஆனது. முட்டியிலும் இடுப்பிலும் துருப்பிடித்த வலி. தலையை வாரினால் சீப்பு நிறைய முடி. அழலாமென்று நினைப்பாள், நெஞ்சு மேலும் கீழும் போய்வருமே தவிரக் கண்ணில் ஒன்றும் ஊறாது. பரு என்னவோ டாக்டரம்மா சொன்னபடியே போய்விட்டது. கழுவிக் கவிழ்த்த பீங்கான் தட்டுபோல ஒரு முகம் அவளுக்கு வந்திருந்தது. கொட்டகைக்கு வருகிறவர்களெல்லாம் குனிந்து நெல்லைக் கடித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நாலாவது மாத ரத்தப் பரிசோதனைக்கு அவளை வைரக்கண்ணு தன் காரிலேயே அழைத்துப்போனார். டாக்டரம்மா தாளைப் பார்த்தார், அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். ஈரல் கணக்கு ஏறியிருக்கிறது, கொழுப்பும் ஏறியிருக்கிறது, பருவும் போய்விட்டது, இன்றோடு நிறுத்திவிடு என்றார். சீட்டில் பெரிதாகக் கோடு போட்டு அடித்தார். நிறுத்திவிடு என்ற அந்தச் சொல்லை குமுதவல்லி வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். காரைத் தலைவரே ஓட்டினார். ஊர் எல்லை வந்ததும், இன்னும் பதினோரு குவியல் இருக்கிறதும்மா என்றார், தனக்குத் தானே சொல்லிக்கொள்வதுபோல. மறுவாரம் எந்த ஊர் மருந்துக்கடையிலிருந்தோ, அடித்த சீட்டில்லாமலே, நாலு அட்டை மாத்திரை வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அம்மா தினமும் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

அப்புறம் சம்பந்தமும் வந்தது. அரிசி மில் வீட்டுத் தையல்நாயகி தன் மூத்த மகனுக்குக் கேட்டு வந்தாள். ஜாதகம் பார்க்கவில்லை, முகம் பார்க்கவில்லை, காபிகூட வேண்டாமென்றாள். மாத்திரை சாப்பிடும் வரைக்கும் பிள்ளை உண்டாகக் கூடாதாமே என்று வசந்தா தயங்கிச் சொன்னாள். அதற்கென்ன, பிள்ளைக்கு என்ன அவசரம், அடுத்து சம்பா வரும், கோடை வரும், கல்யாணத்துக்குப் பிறகும் மாத்திரையை விடவே வேண்டாம் என்று தையல்நாயகி மருமகளாகப் போகிறவளின் தலையைத் தடவிக் கொடுத்தாள். அந்தக் கை நல்ல கைதான், சூடாக இருந்தது. அது எடுக்கப்படும்வரை குமுதவல்லி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது, கொட்டகை இனி சாலையில் இருக்காது, ஒரு வீட்டுக்குள் இருக்கும், அதற்குத் தாலியும் இருக்கும். அப்பா ஒரு வார்த்தை சொல்வாரென்று கதவோரம் நின்றிருந்தாள். கலியபெருமாள், யோசிச்சுச் சொல்றோம் என்றார்.

கொட்டகைக்குள் அவளுக்கு ஒரே துணை பிருந்தா. பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி, மூன்று மாதக் கைப்பிள்ளைக்காரி. மற்றவர்கள் ஐந்து நிமிஷத்தில் தொண்டை காய்ந்து எழுந்து போகிற இடத்தில் அவள் மட்டும் பிள்ளையை ஈரத்துணியில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்து, ஊர்க்கதை பேசுவாள். அவள் புருஷன் சுதாகரின் குவியல் காய்ந்த மூன்று நாளும் அவள் அங்கேயேதான் இருந்தாள். அதற்குப் பிறகு வரவில்லை. பிள்ளைக்குச் சளி என்று சொல்லியனுப்பினாள்.

அமாவாசையன்று கொள்முதல் இல்லை, கொட்டகைக்கும் ஓய்வு. குமுதவல்லி குடை பிடித்துக்கொண்டு பிருந்தா வீட்டுக்குப் போனாள். அடுப்படியில் பிருந்தா டப்பாப் பால்மாவைக் கரண்டியால் அளந்து வெந்நீரில் கலக்கிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் புட்டியை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அந்த இழுப்பிலேயே குமுதவல்லிக்குத் தெரிந்துவிட்டது.

“எப்பலேர்ந்து?” என்று கேட்டாள்.

“எங்க நெல்லுக்கு நீ உக்காந்தியே, அந்த ரெண்டாம் நாள்லேர்ந்து. சுத்தமா நின்னு போச்சு.”

“ஏண்டி எங்கிட்ட சொல்லல?”

பிருந்தா புட்டியை வெளியே எடுத்து மறுபடி குலுக்கினாள். “சொன்னா நீ எழுந்துருவே. நெல்லு பாதிதான் காஞ்சிருந்துச்சு.”

அவள் குரலில் குற்றம் சொல்வது இல்லை, நடந்ததைச் சொல்வது மட்டும் இருந்தது. பிள்ளை தூளியிலிருந்து சிணுங்கியது. அதன் உதடு வெடித்துவிடக் கூடாதென்று குமுதவல்லி ஓரெட்டு பின்னால் வைத்தாள், இன்னொன்று வைத்தாள், அப்படியே வாசலுக்கு வெளியே மழையில் வந்து நின்றாள். குடையை விரிக்கவில்லை. மேலே விழுந்த மழை தோளில் பட்டதும் காணாமல் போனது. நீ எழுந்துருவே என்று பிருந்தா சொன்னதையே நினைத்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளில் அப்படி ஒன்று செய்ய முடியுமென்று அவளிடம் சொன்ன முதல் ஆள் பிருந்தா. அதையும் எழுந்துவிடக் கூடாதென்பதற்காகச் சொல்லாமல் இருந்தவள்.

அன்று மத்தியானம் நெய் சாதம் சாப்பிட்டு முடித்ததும் அம்மா கையில் வைத்த மாத்திரையை அவள் நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டாள். கொல்லைக்குக் கை கழுவப் போய், துவைக்கிற கல்லுக்குப் பின்னால் துப்பினாள். மறுநாளும் துப்பினாள். வெளியே சொல்லத் தைரியமில்லை. சொன்னால் யாரும் அடிக்கப் போவதில்லை, திட்டப் போவதுகூட இல்லை, உட்கார்ந்து பேசுவார்கள், பேசிப் பேசிக் கடைசியில் அவளே கையை நீட்டி மாத்திரையை வாங்கிக்கொள்வாள் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. அதனால் துப்பினாள். அப்போது நாற்காலியைச் சுற்றிக் கிடந்த குவியல் மூன்றாம் நாள் சாயங்காலம் பதினேழுக்கு ஒரு மயிரிழை கீழே நின்று தப்பித்தது. அடுத்தது மதியழகனுடையது. அவன் குத்தகைக்குப் பயிரிட்டவன், ஊரிலேயே சின்னக் குவியல் அவனுடையது. அவன் நெல் தன்னால் அழுகப் போகிறது என்கிற நினைப்பு அவளை விடவில்லை. நாளைக்கு ஒன்றே ஒன்றை மட்டும் விழுங்கிவிடலாமா என்று யோசித்தாள்.

அன்றைக்குத்தான் கலியபெருமாள், பிறந்ததிலிருந்து எதையும் முந்திக் கேட்டறியாத மனிதர், வைரக்கண்ணு வீட்டுக்குப் போய், அடுத்த முறை எனக்கு வேண்டும், இனிமேல் பொறுக்க முடியாது, என் பேரை மேலே எழுது என்று கேட்டார். தலைவர் அங்கே நின்றிருந்த மதியழகனைப் பார்த்தார். மதியழகன் வாசல் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கூட இருந்தவர்கள்தான் முணுமுணுத்தார்கள். கடைசியில் அவரும் புத்தியைக் காட்டிவிட்டார், மகள் உட்கார்கிற திமிர் என்று ஒருத்தர் கேட்கும்படியே சொன்னார். கலியபெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். சாயங்காலமே அவர் குவியல் கொட்டகைக்குள் வந்துவிட்டது.

இந்தச் சேதி குமுதவல்லிக்குப் பேரிடியாக இருந்தது. ஊர் நெல்லுக்கெல்லாம் உட்கார்ந்துவிட்டு, அப்பாவின் நெல் வரும்போது மட்டும் உடம்பின் வறட்சி விட்டுப்போவதா? காலையில் நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே மழை தார்ப்பாயில் கொட்டிக்கொண்டே இருந்தது. முதல் நாள் நெல் அசையாமல் அப்படியே கிடந்தது. இரண்டாம் நாள் கையைக் குவியலுக்குள் விட்டுப் பார்த்தாள். உள்ளே வெந்ததுபோல் சூடு, நனைந்த நெல் மூச்சுமுட்டினால் வருகிற புளித்த சூடு. விரலோடு ஒட்டிக்கொண்டு வந்த மணியில் வெள்ளையாக ஒரு நுனி எட்டிப் பார்த்தது.

பத்து மணிக்கு அப்பா தூக்குச்சட்டியில் டீ கொண்டுவந்தார். தம்ளரில் ஊற்றி ஆற்றிக்கொண்டு நின்றார்.

“அப்பா, இது காயாது.”

அவர் ஆற்றுவதை நிறுத்தவில்லை.

“நான் மாத்திரை சாப்புடல. ஒரு வாரமாச்சு.”

“தெரியும் ஆயி.” மகளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். “தொவைக்கிற கல்லுக்குப் பின்னாடி கெடந்துச்சு. மழையில ஊறிப் பெருசா. உங்கம்மா கண்ணுல படாம எடுத்து வாய்க்கால்ல போட்டுட்டேன்.”

குமுதவல்லி நிமிர்ந்து பார்த்தாள். “தெரிஞ்சுமா நம்ம நெல்ல முன்னாடி கொண்டாந்து போட்டீங்க?”

“மதியழகன் நெல்லு மொளைச்சா உன்ன என்னென்ன பேசுவாங்க? இது என் நெல்லு. யாரு வந்து என்னக் கேக்கப் போறா?”

தம்ளரை அவள் கையில் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை. அவள் சொல்ல நினைத்தது வேறு, வாயில் வந்தது வேறு.

“நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். முத நாள்லேர்ந்து.”

கலியபெருமாள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “வாய் வரல எனக்கு” என்றார். “இப்பதான் வருது. எழுந்துரு.”

உடனே அவளால் எழுந்திருக்க முடியவில்லை. முட்டி பிடித்துக்கொண்டிருந்தது. அவர் நெல்லை மிதித்துக்கொண்டு உள்ளே வந்து, இரண்டு கையையும் கொடுத்து, பாரமான மூட்டையைத் தூக்குகிற மாதிரி முதலில் தன் முதுகை வளைத்து, அவளை நிறுத்தினார்.

மீட்டர் இருபத்துநாலு காட்டியது. ஊர் கூடியது. வைரக்கண்ணு அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், சாப்பிடுகிறாளா என்று வசந்தாவிடம் கேட்டார், ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்துப் பார்ப்போமே என்றார். அதே சன்னமான குரல். வசந்தா மகளையும் பார்த்தாள், நெல்லையும் பார்த்தாள். அப்போது கலியபெருமாள் முன்னால் வந்து, மழை வருகிறது என்று சொல்கிற குரலில், “இனிமே எம்பொண்ணு உக்கார மாட்டா” என்றார். யாரும் சண்டைக்கு வரவில்லை. சண்டைக்கு வந்திருந்தால் குமுதவல்லிக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஊர்க் கிணறு ஒன்று வற்றிவிட்டால் எப்படி எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்களோ அப்படி எல்லோரும் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். மதியழகன் மட்டும் போகவில்லை. தன் குவியலுக்குப் பக்கத்தில் சாலையிலேயே குந்தி, துண்டைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டான். அவனைத் தாண்டித்தான் அவள் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. தாண்டிப் போனாள்.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் வெளியே வரவில்லை. தையல்நாயகி, நட்சத்திரப் பொருத்தம் பார்க்க மறந்துபோனதாகச் சொல்லியனுப்பினாள். நெய் எங்கிருந்தும் வரவில்லை. ஈரம் அவள் அறைக்குள் மெல்லத் திரும்பி வந்தது. முதலில் சுவர் வேர்த்தது, பிறகு பாய் நமுத்தது. மிச்சமிருந்த குவியல்கள் நாலும் சாலையோரம் பச்சை கட்டின. யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அம்மா தண்ணீர்க்குடத்தை வைக்கிற சத்தம்கூட அவளிடம்தான் கேட்பதுபோல இருந்தது. ஒருநாள் பிருந்தா தட்டு நிறையக் கொழுக்கட்டை கொண்டுவந்து வைத்துவிட்டு, பால் இன்னும் வரவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

நாலாம் நாள் காலையில் மழை வெறித்து வானம் வெளுத்தது. வெளியூரிலிருந்து ஒரு வாத்துக்காரர், நீளக்கோலோடு, நானூறு வாத்தைச் சாலையில் ஓட்டிக்கொண்டு வந்தார். கலியபெருமாள் கைகாட்டி அவரை நிறுத்தினார். கொட்டகையின் சாக்கை அவிழ்த்தார். உள்ளே ஒரு விரற்கடை உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று முளைத்துக் கிடந்த தன் குறுவையைக் காட்டி, விடு என்றார். வாத்துக்காரர் நம்பாமல் ஒருமுறை திரும்பிக் கேட்டுவிட்டுக் கோலை எடுத்தார். வாத்தெல்லாம் ஒரேயடியாக உள்ளே இறங்கின. அந்தச் சத்தம் கேட்டுத்தான் குமுதவல்லி வாசலைத் தாண்டி வந்தாள். ஈரத் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்து, கொட்டகை ஓரம் அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். வாத்துகள் அலகைச் சேற்றில் போட்டு உழுவதுபோல உழுதன. நாற்காலி எப்போதோ சாய்ந்து அவற்றின் நடுவில் காணாமல் போயிருந்தது. பார்க்க ஆட்கள் சேர்ந்தார்கள். தெரு முழுக்க வாத்துக் கத்தல்.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மதியழகன் வந்தான். தோளில் முளைத்த நெல் மூட்டை ஒன்று, அடியில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. கலியபெருமாள் குவியலுக்குப் பக்கத்தில் மூட்டையை இறக்கினான், வாயை அவிழ்த்தான், அடியைப் பிடித்துக் கவிழ்க்கப் போனவன், அவள் கால் அங்கே இருப்பதைப் பார்த்து நிறுத்தினான்.

“தள்ளி நில்லு” என்றான்.

அவள் தள்ளி நின்றாள்.